இன்டர்காம் மாற்றம்: எந்த வயரை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது

(பொதுக்குழுவுக்கு முன் செயற்குழு ஏற்பாடு செய்த விளக்கக் கூட்டத்தில், கம்யூனிட்டி ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை காலையில் இத்தனை பேர் வந்திருப்பதைப் பார்த்தாலே, இன்டர்காம் எத்தனை வீட்டைப் படுத்தியிருக்கிறது என்று தெரிகிறது.

அடுத்த மாதப் பொதுக்குழுவில் இதற்கு ஓட்டெடுப்பு. இரண்டு கொட்டேஷன் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். முதலாவது, 120 வீட்டிலும் சுவரில் ஏழு அங்குலத் திரை மாட்டி, எல்லா வீட்டுக்கும் புதிதாகக் கேபிள் இழுத்து, முழுவதையும் ஐபி வீடியோ இன்டர்காமாக மாற்றுவது. இரண்டாவது, வீட்டில் இப்போது இருக்கும் போனையும் சுவருக்குள் ஓடும் வயரையும் அப்படியே வைத்துக்கொண்டு, மெயின் கேட்டிலிருந்து பிளாக் வரை மட்டும் ஃபைபர் போட்டு, இரண்டு பக்கமும் புதிய கருவி வைப்பது. விலை விவரம் பொருளாளர் சொல்வார். என்னை வயரிங்கையும் நெட்வொர்க்கையும் பற்றி மட்டும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு நீங்கள் வேறு மாதிரி முடிவெடுத்தாலும் பரவாயில்லை. எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் போதும்.

முதலில், இப்போது நம்மிடம் இருப்பது. செக்யூரிட்டி ரூமில் மேஜைக்குப் பின்னால் ஒரு இபிஏபிஎக்ஸ் பெட்டி. அதிலிருந்து தடித்த கேபிள்கள் தரைக்கடியில் ஒவ்வொரு பிளாக்குக்கும் போகின்றன. பிளாக்கில், ஸ்டில்ட்டில் மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு குரோன் பாக்ஸ். அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஜோடி வயர். அவ்வளவுதான். உங்கள் வீட்டு இன்டர்காமுக்குத் தனி பிளக் பாயின்ட் கிடையாது, பேட்டரியும் கிடையாது. பேசுவதற்கு வேண்டிய கரண்ட் அந்த இரண்டு வயரிலேயே வருகிறது. ரிசீவர் வைத்திருக்கும்போது ஜோடியில் ஒரு டிசி வோல்டேஜ் சும்மா நிற்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் அது 48 வோல்ட். நம் மாதிரிச் சின்னப் பெட்டிகள் சிலவற்றில் இன்னும் குறைவு. ரிசீவரை எடுத்தால் போனுக்குள் சர்க்யூட் சேர்ந்து 20 மில்லி ஆம்பியர் அளவில் கரண்ட் ஓடும். அதைப் பார்த்துத்தான் 'இந்த வீட்டில் எடுத்துவிட்டார்கள்' என்று பெட்டி தெரிந்துகொள்கிறது. மணியடிக்க வேண்டுமென்றால் அதே ஜோடியில் 75 வோல்ட் அளவுக்கு ஏசி அனுப்பும். ஸ்டில்ட்டில் கிரிக்கெட் ஆடும்போது குரோன் பாக்ஸைத் திறந்து பார்க்கிற பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள், மணியடிக்கிற நேரத்தில் தொட்டால் சுள்ளென்று இழுக்கும்.

ரிசீவர் வைத்திருக்கும் நேரத்தில் அந்தப் போன் கரண்டே சாப்பிடுவதில்லை என்று சொல்லலாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கணக்கில் வரும்.

சரி, பழசு இவ்வளவு நல்லதென்றால் ஏன் சி பிளாக்கில் மழை பெய்தால் மூன்று நாள் போன் டெட் ஆகிறது? செயற்குழு கேட்டுக்கொண்டபடி ஒரு டெக்னீஷியனை வைத்து நான்கு பிளாக்கிலும் அளந்து பார்த்தோம். குரோன் பாக்ஸிலிருந்து வீடு வரை போகும் 120 ஜோடியில் 113 ஜோடி நன்றாக இருக்கின்றன. மீதி ஏழில் ஐந்து, வீட்டுக்குள் டிவி யூனிட், கிச்சன் கபோர்டு வேலை நடந்தபோது துளை போட்டு அறுந்தவை. அதாவது சுவருக்குள் இருக்கிற வயரில் வயதான கோளாறு என்று பெரிதாக எதுவும் இல்லை.

கோளாறு தரைக்கடியில் இருக்கிறது. செக்யூரிட்டி ரூமிலிருந்து சி, டி பிளாக்குகளுக்குப் போகும் கேபிளில் பாதிக்கு மேல் ஜோடிகளில் ஈரம் ஏறிவிட்டது. மெக்கரை வைத்தால் இன்சுலேஷன் மெகா ஓம் கணக்கில் காட்ட வேண்டும். சில ஜோடிகளில் சில ஆயிரம் ஓம்தான் காட்டுகிறது. இரண்டு வயருக்கும் நடுவில் ஈரத்தின் வழியாகக் கரண்ட் கசிகிறது. கசிவு அதிகமானால், ரிசீவரை எடுத்துவிட்டார்கள் என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். 'போனை எடுக்கவே இல்லை, ஆனால் எங்கள் நம்பருக்கு அடித்தால் எப்போதும் எங்கேஜ்டு வருகிறதாம்' என்று சி பிளாக் மாமி ஒருவர் புகார்ப் புத்தகத்தில் எழுதியிருந்தாரே, அதற்குக் காரணம் இதுதான். அவர் வீட்டுப் போனை இரண்டு தடவை மாற்றியும் சரியாகாததற்கும் இதுதான் காரணம்.

ஈரம் எங்கே ஏறியது? சம்ப் வேலைக்காகத் தோண்டியபோது கேபிள் வெட்டுப்பட்டு, வயரை முறுக்கி டேப் சுற்றி, அப்படியே மண்ணைப் போட்டு மூடிய இடத்தில். ஜெல் நிரப்பிய கனெக்டரும் ஜாயின்ட் மூடியும் போட்டிருந்தால் இத்தனை வருஷம் தாங்கியிருக்கும்.

அதே ஜாயின்ட்டில் இன்னொரு வேடிக்கையும் நடந்திருக்கிறது. டி பிளாக்கில் மூன்றாவது மாடியில் பேசுவது முதல் மாடியில் மெல்லிசாகக் கேட்கிறது என்று புகார். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் புது கேபிள் போட்டாலும் இதே தப்பு வரும்.

டெலிபோன் வயரை ஏன் இரண்டிரண்டாக முறுக்கி வைத்திருக்கிறார்கள்? பக்கத்தில் ஓடும் மின்சார கேபிளோ, இன்னொரு போன் ஜோடியோ இதற்குள் ஒரு சின்ன சத்தத்தைத் தூண்டும். இரண்டு வயரும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே போவதால் அந்தச் சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் ஏறும். போன் கேட்பது இரண்டு வயருக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். சமமாக ஏறியது கழிந்து போய்விடும். ஜோடி பிரியாமல் இருக்கிற வரைக்கும்தான் இது நடக்கும். நம் ஜாயின்ட்டில் வெள்ளை-நீலம் ஜோடியில் ஒரு வயரையும், வெள்ளை-ஆரஞ்சு ஜோடியில் ஒரு வயரையும் சேர்த்து ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். மீதி இரண்டு இன்னொரு வீட்டுக்கு. வெள்ளை வயர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், மங்கலான வெளிச்சத்தில் செய்தால் இப்படித்தான் ஆகும். மல்டிமீட்டரில் பார்த்தால் வயர் சரி, மணி அடிக்கும், பேசலாம். ஆனால் அடுத்த வீட்டுப் பேச்சு இங்கே கேட்கும், இந்த வீட்டுப் பேச்சு அங்கே கேட்கும். கொரகொரப்பு என்றால் பொறுத்துக்கொள்ளலாம், வீட்டு விஷயம் வெளியே போவதை எப்படிப் பொறுப்பது?

இப்போது முதல் கொட்டேஷனுக்கு வருகிறேன். ஐபி இன்டர்காமில் குரல் இரண்டு வயரில் அப்படியே ஓடாது. அதை 20 மில்லி செகண்ட் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் கவர் போட்டு, விலாசம் எழுதி அனுப்புகிறது. வினாடிக்கு 50 கவர். வழக்கமான ஜி.711 முறையில் குரல் மட்டும் 64 கேபிபிஎஸ். கவரையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு 87 கேபிபிஎஸ் அளவில் வரும். உங்கள் வீட்டு 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே 'ஹை ஸ்பீடு நெட் வேண்டும்' என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் நம்பாதீர்கள். குரலுக்குத் தேவை வேகம் இல்லை, ஒழுங்கு. கவர்கள் சீரான இடைவெளியில் வர வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லி செகண்டுக்குள் போய்விட்டால் பேசுகிறவர்களுக்குத் தாமதம் தெரியாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. நம் வளாகத்துக்குள்ளேயே போகும் அழைப்பு அதில் மிகச் சிறிய பங்கைத்தான் எடுக்கும்.

இதற்கான கேபிள் கேட்-6. தமிழில் எழுதினால் வாசல் கேட்டும் இந்தக் கேட்டும் ஒன்றாகிவிடுகிறது, அதனால் வாசலை மெயின் கேட் என்றே சொல்கிறேன். கேட்-6 கேபிளில் நான்கு ஜோடி, எட்டு வயர். அதிலேயே கரண்டும் அனுப்பலாம். அதைத்தான் கொட்டேஷனில் பிஓஇ என்று போட்டிருக்கிறார்கள். சாதாரண வகையில் ஸ்விட்ச்சின் ஒரு போர்ட் அதிகபட்சம் 15.4 வாட் கொடுக்கும், கேபிளில் வீணாவது போக மறுமுனைக்கு 12.95 வாட் நிச்சயம். வோல்டேஜ் எவ்வளவு தெரியுமா? மறுபடியும் 48-ஐ ஒட்டித்தான். தாத்தா காலத்து டெலிபோன் யோசனையைப் பேரன் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

கேட்-6-இல் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஸ்விட்ச்சிலிருந்து கருவி வரை 100 மீட்டர்தான் கணக்கு. மெயின் கேட்டிலிருந்து டி பிளாக் வரை, நடைபாதையைச் சுற்றி டக்ட் வழியாகப் போனால் அதைத் தாண்டிவிடும். அதனால்தான் இரண்டு கொட்டேஷனிலும் பிளாக்குகளுக்கு ஃபைபர் போட்டிருக்கிறார்கள். தூரத்தைவிட எனக்கு ஃபைபரில் பிடித்தது வேறொன்று. அது கண்ணாடி, கரண்ட் போகாது. ஒரு கட்டிடத்துக்கும் இன்னொரு கட்டிடத்துக்கும் நடுவில் செம்பு வயர் ஓடினால், பக்கத்தில் இடி விழும்போது அந்த வயர் வழியாக வரும் அதிர்ச்சி இரண்டு பக்கக் கருவியையும் கருக்கிவிடும். ஃபைபரில் அந்தத் தொல்லை இல்லை. எலித் தொல்லை மட்டும் உண்டு, ஆகவே மேலே உலோகக் கவசம் போட்ட ஆர்மர்டு ஃபைபர் என்று ஒர்க் ஆர்டரில் எழுத வேண்டும். அந்தக் கவசம் மட்டும் உலோகம் என்பதால், அதைக் கட்டிடத்துக்குள் நுழையும் இடத்திலேயே எர்த் செய்யச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, செம்பு. கடையில் விலை குறைவாகக் கிடைக்கும் கேட்-6 பலவும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அதற்கு மின்தடை அதிகம், பிஓஇ அனுப்பினால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கும், கேபிள் கட்டு சூடாகும், வளைத்தால் ஒடியும். கண்டுபிடிப்பது சுலபம். பிளேடால் வயரைச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். பெட்டிக்குப் பெட்டி சுரண்டிப் பார்க்க நம் குடியிருப்பில் ரிடையர்ட் ஆனவர்களுக்கா பஞ்சம்?

மூன்றாவது, நான் சொன்ன அதே ஜோடி பிரியும் தப்பு. பிளக்கில் வயர்களை வைக்கும் வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி ஏன் நீலத்தைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கத் தோன்றும். மூன்றாவது, ஆறாவது பின்கள் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். தெரியாத ஆள், பார்ப்பதற்கு அழகாக நான்கு ஜோடியையும் பக்கம் பக்கமாக வைத்துவிடுவார். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி வைத்திருப்பதால் சாதாரண டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். இரண்டு மீட்டர் கேபிளில் வேலையும் செய்யும். 60 மீட்டர் போனதும் குரல் விட்டுவிட்டு வரும், படம் உறையும். அப்புறம் கருவியை மாற்று, சாஃப்ட்வேரை மாற்று என்று ஆறு மாதம் ஓடும். எட்டு விளக்கு எரிவதைக் காட்டி பில் கேட்டால் கையெழுத்துப் போடக்கூடாது. ஒவ்வொரு கேபிளுக்கும் கிராஸ்டாக் அளக்கும் டெஸ்டரின் ரிப்போர்ட் வேண்டும்.

இனி இரண்டாவது கொட்டேஷன். இதில் ஒவ்வொரு பிளாக்கிலும் எஃப்எக்ஸ்எஸ் கேட்வே என்று ஒரு பெட்டி. ஒரு பக்கம் ஃபைபர் வழியாக ஐபி வரும். மறுபக்கம் 32 போர்ட், ஒவ்வொன்றும் பழைய டெலிபோன் லைன் மாதிரியே கரண்ட்டும் மணியும் கொடுக்கும். நம் பிளாக்குக்கு 30 வீடு, இரண்டு போர்ட் மிச்சம். ஒன்று லிஃப்ட்டுக்கு, இன்னொன்று ஸ்பேர். கேட்வேயிலிருந்து வயர் நேராகக் குரோன் பாக்ஸுக்குப் போகும். உங்கள் வீட்டுக்குள் யாரும் சுவரை உடைக்க மாட்டார்கள், பெயின்ட்டில் கீறல் விழாது, போன் அதே போன். கெட்டுப்போன தரைக்கடிச் செம்பு மட்டும் வெளியே போகிறது.

வீடியோ வேண்டாமா என்று இளைஞர்கள் கேட்பது நியாயம்தான். மெயின் கேட்டில் கேமராவோடு கூடிய ஐபி கருவி இரண்டு கொட்டேஷனிலும் இருக்கிறது. இரண்டாவதில் வேண்டிய வீட்டார் மட்டும் தங்கள் செலவில் ஆப் வழியாகவோ திரை வாங்கியோ படம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தக் கணக்கு. 2023 டிசம்பர் 4-ஐ நினைத்துப் பாருங்கள், மிக்ஜாம் புயல். சென்னையில் எத்தனை பகுதிகளில் கரண்ட் போய், பின்னாலேயே செல்போன் சிக்னலும் போனது. 2016 டிசம்பர் 12 வர்தா அன்றும் அப்படித்தான். அந்த மாதிரி நாளில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கோ செக்யூரிட்டிக்கோ பேச இன்டர்காமைத் தவிர வேறு வழியில்லை. செயலாளரிடம் உள்ள அவசரத் தொடர்புப் பட்டியல்படி நம் 120 வீட்டில் 19 வீட்டில் எழுபது தாண்டியவர்கள் தனியாகவோ, தம்பதியாக இரண்டு பேர் மட்டுமோ இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ. லிஃப்ட் நின்று போய், ஐந்தாம் மாடியில் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் என்றால் அம்மா யாரைக் கூப்பிடுவார்?

ஒரு பிளாக்குக்கு ஒரு 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1800 வாட் அவர். இன்வெர்ட்டரில் வீணாவது, பேட்டரியை முழுக்கக் காலி செய்யக்கூடாது என்பது எல்லாம் கழித்து அறுபது சதவீதம் எடுத்தால் 1080. முதல் கொட்டேஷனில் ஒரு பிளாக்கில் 30 திரை; சும்மா இருக்கும்போதே ஒன்றுக்கு ஆறு வாட் என்று லேபிளில் இருக்கிறது, 180 வாட். ஸ்விட்ச்சுகளுக்கு 40. மொத்தம் 220. ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். இரண்டாவதில் வீட்டுப் போன்கள் வைத்த நிலையில் ஒன்றும் சாப்பிடாது. கேட்வேக்கு 40, ஃபைபர் ஸ்விட்ச்சுக்கு 10, மொத்தம் 50 வாட். இருபது மணி நேரத்துக்கு மேல். தோராயக் கணக்குதான், பேட்டரி பழசானால் இரண்டுமே குறையும். ஆனால் நான்குக்கு ஒன்று என்ற விகிதம் மாறாது. ஜெனரேட்டர் இருக்கிறதே என்பீர்கள். டீசல் தீரும். தண்ணீர் ஏறினால் அதையும் நிறுத்த வேண்டியிருக்கும்.

தண்ணீர் என்றதும் ஒன்று. 2015 வெள்ளத்துக்குப் பிறகும் இந்த ஊரில் மின்சாமான்களை ஸ்டில்ட்டில் தரையோடு வைக்கிறார்கள். கேட்வே, ஸ்விட்ச், பேட்டரி மூன்றும் முதல் மாடி எலெக்ட்ரிகல் டக்ட்டில் இருக்க வேண்டும். குரோன் பாக்ஸ்களையும் இப்போது இருக்கும் உயரத்திலிருந்து ஏற்ற வேண்டும். மெயின் கேட் ரூமில் மேடை கட்டியாவது மேஜை உயரத்துக்கு மேலே வைக்க வேண்டும்.

நெட்வொர்க் செட்டிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது எந்தக் கொட்டேஷன் ஜெயித்தாலும் பொருந்தும். இன்டர்காமுக்குத் தனி விலேன் வேண்டும். சிசிடிவி கேமராக்கள் ஓடும் அதே ஸ்விட்ச்சில் போட்டாலும், குரல் தனித் தெருவில் போகிற மாதிரி பிரித்து, குரல் கவர்களுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 40 கேமராவின் படத்துக்கு நடுவில் குரல் நெரிசலில் மாட்டும். ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி நிரந்தரமாக ஒதுக்கப்பட வேண்டும். கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறி, மெயின் கேட் சர்வர் கேட்வேயைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. எல்லாக் கருவியிலும் கம்பெனி போட்டுத் தரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்ற வேண்டும், புதிய பாஸ்வேர்டு சங்கத்தின் லாக்கரில் சீல் வைத்த கவரில் இருக்க வேண்டும். டெக்னீஷியன் செல்போனில் மட்டும் இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் நமக்கு இன்டர்காம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். தூரத்திலிருந்தே ரிப்பேர் பார்க்க வசதி என்று சொல்லி, ரௌட்டரில் 5060 போர்ட்டை வெளியே திறந்து வைப்பார்கள். அது அழைப்புகள் பேசிக்கொள்ளும் வாசல் எண். அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இன்டர்நெட்டில் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் அலைகின்றன. பாஸ்வேர்டு லேசாக இருந்தால் உள்ளே வந்துவிடும். அதோடு வெளி லைனும் இணைந்திருந்தால், நம் கணக்கில் வெளிநாட்டு அழைப்புகள் போகும், பில் சங்கத்துக்கு வரும். நம் இன்டர்காம் வளாகத்துக்குள் பேசுவதற்கு இன்டர்நெட்டே தேவையில்லை. ஆப் வேண்டும் என்பவர்களுக்காக இணைத்தால், விபிஎன் வழியாகவோ கருவி தானாக வெளியே போய் இணையும் முறையிலோ மட்டும்தான்.

மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்று ஒரு கோளாறு வரும், அப்போது போனைக் குறை சொல்லாதீர்கள். ஐபி முறையில் 'கூப்பிடு' என்ற தகவல் ஒரு வழியாகவும் குரல் வேறு போர்ட் வழியாகவும் போகும். நடுவில் ரௌட்டரோ ஃபயர்வாலோ ஒன்றை விட்டு இன்னொன்றை மறித்தால் இப்படி ஆகும். ரௌட்டரில் சிப் ஏஎல்ஜி என்ற செட்டிங் இருந்தால் அதை அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பல நேரம் அதுதான் வில்லன்.

லிஃப்ட். இது எனக்கு மிக முக்கியம். லிஃப்ட் கேபினுக்குள் வயர், கேபினோடு சேர்ந்து ஏறி இறங்கும் டிராவலிங் கேபிள் வழியாகத்தான் போக முடியும். அதில் ஸ்பேர் ஜோடி இருக்கிறதா என்று பார்த்து இணைப்பது லிஃப்ட் மெயின்டனன்ஸ் கம்பெனி ஆட்கள் மட்டுமே. இன்டர்காம் ஆள் ஷாஃப்ட்டுக்குள் இறங்கக் கூடாது, இதை ஒர்க் ஆர்டரில் இரண்டு கம்பெனிக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். கேபினில் ஒரே ஒரு பட்டன் இருந்தால் போதும். அழுத்தினால் செக்யூரிட்டி ரூம் அடிக்கும். 30 வினாடியில் எடுக்காவிட்டால் சூப்பர்வைசருக்கு, பிறகு செயலாளர் வீட்டுக்கு என்று வரிசையாகப் போக வேண்டும். ரவுண்ட்ஸ் போன செக்யூரிட்டி திரும்பி வரும் வரை உள்ளே மாட்டிய குழந்தை காத்திருக்க முடியாது.

நம்பர் விஷயம். புதிய சர்வர் வந்ததும் சௌகரியத்துக்கு நம்பரை மாற்றலாம் என்பார்கள். மாற்ற வேண்டாம். இப்போது இருக்கும் முறை, முதல் எண் பிளாக், அடுத்தது மாடி, கடைசி இரண்டு வீடு, செக்யூரிட்டிக்கு 9, எல்லோருக்கும் கை பழகிவிட்டது. புதிய பெட்டியை அதற்குத் தக்கபடி அமைக்க முடியும்.

சில கேள்விகள் சீட்டில் வந்திருக்கின்றன.

'செல்போனுக்கே வரும் கேட் ஆப் இருக்கும்போது வயர் எதற்கு?' நானும் அப்படிப்பட்ட ஆப் பார்த்திருக்கிறேன், கூரியர் வந்ததை ஆபீஸிலிருந்தே பார்க்கலாம், நல்ல வசதி. ஆனால் அது செல்போன் சிக்னலையும் இன்டர்நெட்டையும் நம்பியது. போனில் பேட்டரி சேவர் ஆப்பைத் தூங்க வைத்துவிட்டால் அழைப்பு தாமதமாக வரும், வராமலும் போகும். சமையல்கட்டில் இருக்கும் பாட்டிக்கு ஹாலில் அடிக்கும் மணிதான் கேட்கும். இரண்டும் இருக்கட்டும், வயரை எடுத்துவிட்டு ஆப் மட்டும் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

'ஒரே லைனில் பெட்ரூமில் இன்னொரு போன் வைக்கலாமா?' வைக்கலாம், ஒன்று கூடுதலாகப் பரவாயில்லை. மூன்று நான்கு போட்டால் மணி மெலிந்துவிடும். வயர் பவர் கேபிள் போகும் அதே பைப்பில் போகக் கூடாது, போனால் உம்மென்று ஒரு இரைச்சல் வரும், ஆபத்தும் உண்டு.

'எங்கள் வீட்டு ஜோடி அறுந்த ஏழில் ஒன்று, எங்களுக்கு என்ன வழி?' எந்தத் திட்டம் வந்தாலும் டக்ட்டிலிருந்து உங்கள் வீட்டு வாசல் வரை புது ஜோடி இழுப்பது சங்கத்தின் செலவு. வாசலுக்கு உள்ளே வீட்டாரின் செலவு. செயற்குழு இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

'புதிய கம்பெனி ஏஎம்சி பார்க்காவிட்டால்?' இரண்டாவது கொட்டேஷனில் உள்ள கருவிகள் சிப் என்ற பொது முறையில் பேசுபவை, ஒரு கம்பெனியின் கேட்வே கெட்டால் இன்னொரு கம்பெனியுடையதைப் போடலாம். முதலாவதில் மெயின் கேட் கருவி, திரை, சர்வர் மூன்றும் ஒரே கம்பெனியாக இருந்தால்தான் வேலை செய்யுமா என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரும் இரண்டு சனிக்கிழமைகளில் டெக்னீஷியன் ஏ, பி பிளாக்குகளில் குரோன் பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் எந்த ஜோடி எந்த வீடு என்று லேபிள் ஒட்டப் போகிறார். நான்கு பிளாக்கில் ஒன்றில்தான் இப்போது அந்தப் பட்டியல் இருக்கிறது. காலை பத்திலிருந்து ஒரு மணிக்குள் உங்கள் வீட்டு இன்டர்காம் ஒருமுறை அடிக்கும். எடுத்து, வீட்டு நம்பரை மட்டும் சொல்லிவிட்டு வையுங்கள். வெளியூர் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவி கொடுக்க வேண்டியதில்லை, செக்யூரிட்டியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் ஜோடியைக் கடைசியில் பார்ப்பார்கள்.